மாப்பிள்ளை ஃபைனல் கடைசி

பீமவரத்தில் பிறந்தநாள் கொண்டாடுகிற ஆண்பிள்ளை எவனும் தொரபாபுவின் கைக்குத் தப்பியதில்லை. சட்டைப் பித்தான் அறுந்த நிலையில் கடைக்குள் நுழைகிறவனை, பின்னால் சூரியன் உதிக்க, பக்கத்தில் சிங்கம் நடந்து வர, பனைமர உயரத்துக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே நிறுத்திவிடுவான். பத்மஜா ஃப்ளெக்ஸ் பிரிண்டிங்கில் அவன்தான் சீனியர் டிசைனர். ஜூனியர் என்று யாரும் கிடையாது.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் அழிக்க மாட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறால் தீவனக் கடைக்காரர் ஒருவருக்குத் திறப்பு விழா ஃப்ளெக்ஸ் செய்தான். நான்காவது திருத்தத்தில் அவர் சரி என்றதும் முதல் மூன்றையும் அழித்துவிட்டான். சாயங்காலம் அவர் மனைவி வந்து, முதலில் செய்ததுதான் நன்றாக இருந்தது, அதையே போடு என்றாள். நினைவிலிருந்து மறுபடி செய்து கொடுத்தான். இன்றைக்கும் சந்தையில் எதிர்ப்பட்டால் அந்த அம்மாள் "அது இது இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்காயைக் கையில் எடுப்பாள்.

அன்றிலிருந்து ஒரு புள்ளி நகர்ந்தாலும் தனி ஃபைலாகச் சேமித்தான். எல்லாவற்றுக்கும் ஃபைனல் என்றே பெயர். ஃபைனல், ஃபைனல் ரெண்டு, ஃபைனல் ஓகே, இதுதான் ஃபைனல், சத்தியமா ஃபைனல். கடைக் கம்ப்யூட்டர் திரையில் வெங்கடேஸ்வர சுவாமி படம் ஒன்று இருந்தது. ஃபைல்கள் பெருகிப் பெருகி, கடைசியில் நாமத்தின் நுனி மட்டும் தெரிந்தது. வாடிக்கையாளர்களும் அந்த நுனியைப் பார்த்தே கும்பிட்டுக்கொண்டார்கள்.

தேதியை வைத்தாவது எது புதிது, எது பழையது என்று கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. கம்ப்யூட்டருக்குள் கடிகார பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. அது தினமும் காலையில் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஜனவரி முதல் தேதியில்தான் கண் விழிக்கும். கடையில் பிறந்த அத்தனை ஃபைல்களுக்கும் ஒரே பிறந்தநாள். பேட்டரி வாங்கச் சொல்லி முதலாளி சூரிபாபுவிடம் கேட்டுப் பார்த்தான். தேதி தெரிந்தால் தாமதமும் தெரிந்துவிடும் என்று அவர் மறுத்துவிட்டார்.

இவ்வளவு குப்பையிலும் அவன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய போல்டர் ஒன்று உண்டு. அதன் பெயர் 'உடம்பு'. ஃப்ளெக்ஸ் வேண்டுமென்று வருகிறவர்கள் பெரும்பாலும் தலையை மட்டுமே அனுப்புவார்கள். கழுத்துக்குக் கீழே கடைதான் கொடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டைகள், துண்டுகள், கும்பிட்ட கைகள் என்று வகைவகையாகச் சேர்த்து வைத்திருந்தான். அதில் ஓர் உடம்பு அற்புதமானது. அகன்ற மார்பு, நவரத்தின மோதிரம், தங்கப் பட்டை வாட்ச், பணிவாகக் குவிந்த கைகள். எப்போதோ வார்டு தேர்தலில் நின்ற யாரோ ஒருவருடையது. மேற்கு கோதாவரி ஜில்லாவின் இளம் தலைவர்களில் பாதிப் பேர் அந்த உடம்பின் மேல்தான் தலை வைத்திருந்தார்கள்.

இப்படி ஊராருக்கெல்லாம் அழகு கொடுத்தவனுக்கு முப்பத்து நான்கு வயதாகியும் பெண் கிடைக்கவில்லை. காரணம் முடி. நெற்றி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து உச்சந்தலையை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. முதல் பெண் வீட்டார் மறுத்ததும் தன் போட்டோவில் சின்னதாக ஒரு திருத்தம் செய்தான். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் முடி. அதற்கு 'மாப்பிள்ளை ஃபைனல்' என்று பெயர். அடுத்த இடமும் தட்டிப்போனதும் இன்னும் கொஞ்சம் சேர்த்தான். அது 'மாப்பிள்ளை ஃபைனல் ரெண்டு'. அதற்கும் மறுப்பு வந்த அன்று மனம் வெறுத்துப்போய், தணுக்கு ஊர்க் கவுன்சிலரின் மச்சினனுடைய சுருள் முடியை முழுதாக எடுத்து வைத்து, அந்த அற்புதமான உடம்பையும் கீழே பொருத்தி, 'மாப்பிள்ளை ஃபைனல் கடைசி' என்று சேமித்தான். செய்து முடித்ததும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அழிக்கவில்லை. அழிக்கிற பழக்கம்தான் இல்லையே.

அப்போதுதான் ஆகிவீடு என்கிற ஊரிலிருந்து ஹைமாவதியின் போட்டோ வந்தது. கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காதோரம் பென்சில் செருகியபடி நின்றிருந்தாள். தொரபாபு தொழில் புத்தியில் அதை எண்ணூறு சதவீதம் பெரிதாக்கி, எங்கே திருத்தியிருக்கிறார்கள் என்று ஓர் அங்குலம் விடாமல் தேடினான். எங்கும் திருத்தமே இல்லை. மூக்கின் மேல் இருந்த சின்னத் தழும்பைக்கூட யாரும் தொடவில்லை. அன்று மதியம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண்ணை விட்டால் வேறு பெண் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அந்தச் சம்பந்தம் மூன்று வழியாக வந்ததுதான் வினை. பாலக்கொல்லில் இருக்கும் அவன் அக்கா நாகமணி, முன்பு அவன் கொடுத்து வைத்திருந்ததில் ஏதோ ஒரு போட்டோவை அனுப்பினாள். தரகர் சோமலிங்கம் அவன் இல்லாத நேரத்தில் கடைக்கே வந்து பிரிண்ட் ஒன்று எடுத்துப்போனார். கல்யாணத் தரகர் யாரானாலும் அந்தப் பக்கத்தில் பேரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள்; இவரும் பேரய்யாதான். பெண்ணின் தாய்மாமன் வெங்கட்ரத்னம் கடையின் பழைய வாடிக்கையாளர் என்று தெரிந்ததும், சூரிபாபு தன் பங்குக்கு நல்லது செய்ய நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு போட்டோவைத் தானே அனுப்பிவைத்தார்.

இரண்டு நாளில் அக்கா போன் செய்தாள்.

"போட்டோ பிடிச்சிருக்காம்டா. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரச் சொல்றாங்க."

"எந்த போட்டோ அக்கா?"

"உன் போட்டோதான். பின்ன எதிர்வீட்டுக்காரன் போட்டோவையா அனுப்புவேன்?"

 அவர்களுக்குப் பிடித்தது யார், எவ்வளவு முடி உள்ளவன் என்று தொரபாபுவுக்குத் தெரிந்தாக வேண்டும். அக்கா அனுப்பியதைத் திருப்பி அனுப்பச் சொன்னான். அவள் பையன் விளையாட்டு ஏற்றுவதற்காகப் போனில் இருந்த எல்லாப் படங்களையும் துடைத்துவிட்டிருந்தான். பேரய்யாவைப் பிடித்து, நீங்கள் கொண்டுபோனதில் முடி இருந்ததா என்று கேட்டான். மாப்பிள்ளை என்றால் முடி இருக்கத்தானே செய்யும் என்று அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். மிஞ்சியவர் சூரிபாபு.

"மேல இருந்தத எடுத்து அனுப்பினேன்பா."

"மேலன்னா எது முதலாளி?"

"நாமத்துக்குப் பக்கத்துல இருந்தது."

நாமத்தைச் சுற்றி முப்பது ஃபைல்கள் இருந்தன. எல்லாமே ஜனவரி ஒன்று.

எது போயிருந்தாலும் சமாளிக்கிற மாதிரி நடுவாந்தரமாக ஒரு தலை கிடைக்குமா என்று சனிக்கிழமை சலூனுக்குப் போய்ப் பார்த்தான். எனக்கு வெட்டத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது என்று சலூன்காரர் கைவிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, இருக்கிற தலையோடு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆகிவீட்டுக்குப் பஸ் ஏறினான்.

அங்கே கூடத்து மேஜையில் பூதரேக்கு இனிப்புப் பெட்டி. அதில் சாய்ந்தபடி வரிசையாக மூன்று போட்டோக்கள். மூன்றும் அவனே. வழியில் படித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் அவனுக்கு மறந்துபோயிற்று. ஹைமாவதியின் அம்மா மூன்றையும் பார்த்துவிட்டு அவனையும் பார்த்தாள்.

"அண்ணன் தம்பி மூணு பேர்ல நீங்க யாரு தம்பி? மத்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?"

நாகமணிக்கு மிளகாய் பஜ்ஜி தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டி ஓய்வதற்குள், தாய்மாமன் வெங்கட்ரத்னம் மூன்றாவது போட்டோவை எடுத்துக் கண்ணுக்கருகில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். எப்போதோ வேன் கதவில் நசுங்கிய அவருடைய கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். போட்டோவில் கும்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கும் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"இந்தக் கை என்னுது" என்றார்.

 பொய் சொல்லி ஒப்பேற்றலாம் என்றால் நகம் அங்கே சாட்சிக்கு உட்கார்ந்திருந்தது. தொரபாபு எழுந்து நின்றான்.

"ஆமாங்க. நல்ல கைங்க. இந்த மாதிரி கும்பிடுற கை எங்ககிட்ட வேற இல்ல. ஜில்லா முழுக்க உங்க கைதான் கும்பிட்டுக்கிட்டிருக்கு."

வெங்கட்ரத்னத்தின் முகத்தில் ஒரு கணம் பெருமை எட்டிப் பார்த்தது. வார்டு தேர்தலில் தோற்ற பிறகு அந்தக் கைகளைப் பற்றி யாரும் நல்லதாகச் சொன்னதில்லை. ஆனாலும் பெண் வீட்டுப் பெரியவர் என்ற முறையில் குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"கை என்னுது. முடி யாருது?"

"தணுக்கு கவுன்சிலரோட மச்சினனுதுங்க."

"மீதி?"

"மீதி நான்தாங்க."

இரவல் முடியும் இரவல் கையுமாக வருகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால், நாளைக்கு வீட்டில் எதெல்லாம் இரவல் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வெங்கட்ரத்னம் சத்தமாகவே யோசித்தார். நாகமணி தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தொரபாபு வாசலைப் பார்த்தான். செருப்பை எங்கே விட்டோம் என்பது கூட நினைவில்லை.

அப்போது ஹைமாவதி உள்ளேயிருந்து வந்தாள். கையில் காபித் தட்டு இல்லை. ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு ஒன்றும் மைப்பெட்டியும் இருந்தன.

"உக்காருங்க மாமா. மூணையும் பாத்துட்டுத்தான் நான் வரச் சொன்னேன்."

போட்டோக்களைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எண் போட்டிருந்தாள். அவள் ஆபீஸில் ஒரே கட்டடத்துக்குப் பல வரைபடங்கள் வரும். கடைசியாக வந்ததுதான் செல்லும். ஒருமுறை கொத்தனார் பழைய வரைபடத்தைப் பார்த்துப் படிக்கட்டு கட்டிவிட்டார். ஏறிப் போனால் சுவர்தான் இருந்தது. அதிலிருந்து அவள் எந்தத் தாளையும் வரிசை தெரியாமல் மேஜையில் வைப்பதில்லை. மனிதனுக்கு நாளாக நாளாக முடி அதிகமாகாது, குறையத்தான் செய்யும் என்ற கணக்கில், சுருள் முடி போட்டோவுக்கு ஒன்று என்றும், கொஞ்சம் முடி உள்ளதற்கு மூன்று என்றும் எண் கொடுத்திருந்தாள்.

"இப்படியே போனா நாலாவது மொட்டைத் தலையாத்தான் வரும்னு நினைச்சேன். அதுக்கு இது பரவாயில்ல."

வரிசை தலைகீழ் என்று திருத்தச் சொல்லி தொரபாபுவின் நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விழுங்கினான்.

"பொய்தானம்மா சொல்லியிருக்கான்" என்றார் மாமா.

"உண்மைய ஒரேயடியா சொல்லத் தெரியல மாமா. கொஞ்சம் கொஞ்சமா சொல்லியிருக்காரு. பயந்த மனுஷன்." பிறகு அவனிடம் திரும்பினாள். "இப்ப செல்லுபடி ஆகறது எதுங்க?"

தொரபாபு தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். ஹைமாவதி மூன்று போட்டோக்களையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'செல்லாது' என்று ஸ்டாம்பைக் குத்தினாள். மூன்றாவது குத்துக்கு பூதரேக்குப் பெட்டி துள்ளியது. காபி அதற்கப்புறம்தான் வந்தது.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கல்யாண ஃப்ளெக்ஸில் உள்ளபடியான முகம் வர வேண்டும். கொல்லைப்புறத்தில் நிறுத்தி அவளே போனில் படம் எடுத்துக் கொடுத்தாள். வெயில் நெற்றியில் பட்டு நன்றாகவே மின்னியது. ஃபைலுக்குத் தேதியில் தொடங்கிப் பெயர் வைக்க வேண்டும், போல்டரில் நடப்பு ஃபைல் ஒன்றுதான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் 'பழசு' என்ற போல்டருக்குள் போக வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தாள். தொரபாபு தன் கைக்காசில் பேட்டரி வாங்கிப் போட்டான். கம்ப்யூட்டர் பல வருஷத்துக்குப் பிறகு அன்றைய தேதியைக் காட்டியது. வேலை செய்து முடித்தபோது வெங்கடேஸ்வர சுவாமி பாதம் வரை தெரிந்தார். சூரிபாபு பயந்துபோய், ஃபைல்களெல்லாம் எங்கேப்பா என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தொரபாபுவை மணையில் உட்காரவைத்து நலங்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். ஃப்ளெக்ஸைத் தானே அடித்துத் தருவதாக சூரிபாபு பெருமையோடு கடைக்குப் போனார். போல்டரைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு ஃபைல். பெயர் முழுக்க எண்கள். பார்த்தால் கரண்ட் பில் மாதிரி இருந்தது. ஃபைனல் என்று எதுவுமே இல்லை. ஃபைனல் இல்லாமல் அந்தக் கடையில் எதுவும் மெஷினுக்குப் போனதில்லை. பக்கத்தில் 'பழசு' இருந்தது. அதைத் திறந்தால் ஃபைனல்கள் வரிசைகட்டி நின்றன. இருப்பதிலேயே உறுதியாகத் தெரிந்த பெயரை எடுத்து மெஷினுக்கு அனுப்பினார்.

மறுநாள் மண்டப வாசலில் சுருள் முடியோடு, அகன்ற மார்போடு, பன்னிரண்டடி உயரத்தில் மாப்பிள்ளை எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். கீழே வெங்கட்ரத்னம் அதே மோதிரத்தோடு, அதே வாட்சோடு, அதே மாதிரி கைகுவித்து நின்றார். ஆகிவீட்டுக்காரர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிலர் அவருக்கே வாழ்த்துச் சொல்லி, இந்த வயதில் எதற்கு என்றும் மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

காரிலிருந்து ஹைமாவதி இறங்கினாள். அவளுக்குப் பின்னாலேயே விஷயம் கேள்விப்பட்டு தொரபாபு மஞ்சள் கன்னத்தோடு ஓடிவந்து, வாசலில் அப்படியே நின்றுவிட்டான். அவள் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து ஸ்டாம்பை எடுத்து, நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். எக்கிப் பார்த்தும் நெற்றி எட்டவில்லை. கும்பிட்ட கைகள் வரைதான் எட்டியது. ஸ்டாம்பை ஓங்கினாள்.

கீழேயிருந்து வெங்கட்ரத்னம் பதறிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தார்.

"கையில மட்டும் வேணாம்மா. அது இன்னும் செல்லும்."