எல்லாரும் ஏறியாச்சா?

மைசூரு ரயில் நிலையத்தில் யாரும் தண்ணீரைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் வேலைக்குப் போய்வரும் ஹால்ட்டில் பேசுகிறார்கள். கே.ஆர்.எஸ். அணைக்குப் பின்புறம், தண்ணீர் கண்ணுக்கெட்டும் மட்டும் விரிந்து கிடக்கிற கரையில் ஒரு தகரக் கூரை, ஒரு கல் பெஞ்சு, டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல். அவ்வளவுதான் ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஜெயம்மாதான் அங்கே எல்லாம். சாயங்காலம் மைசூரு போகும் பாசஞ்சர் வந்து நின்றதும் நாங்கள் ஏறிக்கொள்வோம். ஜெயம்மா வண்டிக்கு முதுகைக் காட்டி, ஏரிப் பக்கம் திரும்பி, "எல்லாரூ ஹத்தித்ரா?" என்று கேட்பாள். எல்லாரும் ஏறியாச்சா என்று அர்த்தம். ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருப்பாள். பிறகு கார்டைப் பார்த்துக் கையசைப்பாள். வண்டி கிளம்பும்.

முதல் தடவை பார்த்தபோது, ஐயோ பாவம், இந்தப் பொம்பளைக்கு ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். "யாரைங்க கேக்கறீங்க?" என்றேன். அவளுக்குத் தமிழ் அரைகுறையாக வரும். "தண்ணி உள்ளே ஊரு இருக்கு அக்கா. நம்ம அம்மாவும் கேட்டா, நானும் கேக்கறேன்," என்றாள். இருந்துச்சு என்று சொல்லவில்லை. அணை கட்டியபோது முழுகிய ஊர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும்தான். ஆனாலும் அன்று ஜன்னலோரத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் பவானிக்காரர்கள். கெட்டும் பட்டணம் சேர் என்பார்களே, அப்படிச் சேர்ந்தவர்கள். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். விஜயநகரில் வாடகை வீடு. நான் இந்தக் கரையில் ஒரு தங்கும் விடுதியில் சமையல் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் அவரும் என்னோடு வந்து, நான் வேலை முடிக்கிற வரைக்கும் தண்ணீரோரம் உட்கார்ந்திருப்பார். "இது நம்மூருக்குப் போற தண்ணியாச்சே" என்று காலை நனைத்துக்கொண்டு சிரிப்பார். நெஞ்சுவலியில் அவர் போனபோது அவர் கேட்டிருந்தபடியே அஸ்தியை இங்கே கரைத்தேன். மைசூருவில் எல்லாரும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத்தான் கொண்டுபோவார்கள், அது அணைக்குக் கீழே இருக்கிறது. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. கொழுந்தனார் போனில் ஒரு வார்த்தை கேட்டார், அப்போதுதான் உறைத்தது. "என்னுங்க அண்ணி, அண்ணன அணைக்குள்ளார விட்டுட்டீங்களே. கதவு தொறந்தாத்தானுங்க ஊரு வந்து சேருவாரு." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயம்புத்தூரில் வேலையாக இருக்கும் மகன், வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடு அம்மா என்று நச்சரிக்கிறான். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் நான் எப்படிக் கிளம்புவது?

போன கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கிவிட்டது. சேற்றுக்கு நடுவே கல் படிகளும் ஒரு வாசல்தூணும் தலைகாட்டின. அன்று சாயங்காலம் ஜெயம்மாவுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டி சத்தமே வரவில்லை. வண்டி வந்து நின்றது. என் தோளைத் தொட்டு ஏரியைக் காட்டினாள். நீ கேள் என்கிறாள். எனக்கென்ன, ஒரு வார்த்தைதானே! திரும்பினேன். அந்த வாசல்தூணைப் பார்த்ததும் கன்னடம் மறந்துபோனது. வாசலில் ஆள் நின்றால் நம் வாய் வேறென்ன சொல்லும்? "வாங்க, வாங்க, வண்டி வந்துருச்சு" என்று கூப்பிட்டுவிட்டேன். ஜெயம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

வண்டி கிளம்பவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் ஏரியிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தார். நடக்க முடியாதவருக்காகக் காத்திருப்பதுபோலப் பொறுமையாக நின்றார். நானும் திரும்பிப் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கொடியைக் காட்டினார். ஓடிப்போய் ஏறினேன். உள்ளே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எனக்கு வழிவிட்டாள். நான் உட்கார்ந்த பிறகும் கூடையை இழுத்து, முழங்காலை மடக்கி, இன்னொரு ஆளுக்கு வழிவிட்டாள். எனக்கு எதிர் சீட்டு மைசூரு வரைக்கும் காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை. சேற்று வாடை அடித்தது. எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்தவள், சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காய்ச்சல் தெளிந்து வந்த ஜெயம்மா என்னை ஒரு பிடி பிடித்தாள். "கேக்கத்தானே சொன்னேன்? கூப்பிடச் சொன்னேனா? கூப்பிட்டா வருவாங்க அக்கா! யாரை நினைச்சுக் கூப்பிட்டீங்க?" அவள் முகத்தைப் பார்த்தால், சொல்லாமலே புரிந்துகொண்டது தெரிந்தது. அதற்கப்புறம் தினமும் அவள் ஏரியைப் பார்த்துக் கேட்டு முடித்ததும் கார்டு என்னைப் பார்த்து, "இன்னூ யாராத்ரூ இதாரா?" என்பார். இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். எந்தக் கார்டு வந்தாலும் என்னிடம்தான் கேட்கிறார், வேறு யாரையும் கேட்பதில்லை. "இல்லா சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வேன்.

ஆடியில் மழை கொட்டித் தீர்த்தது. படிகளும் தூணும் மறுபடி முழுகின. அணையின் கதவுகளைத் திறந்தார்கள். சில நாள் கழித்துக் கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, நம்மூரு கூடுதுறையில தண்ணி படியேறி வந்துருச்சுங்க. அண்ணன் வந்துட்டாருங்க. இனி அங்க உங்களுக்கு என்னுங்க வேலை? நீங்களும் வந்துருங்க." நான் வாய்விட்டு அழுதேன். அப்பாடா, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்! அப்போதே மகனைக் கூப்பிட்டு, ஆவணி பிறந்ததும் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்றேன்.

அன்று சாயங்காலம் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஜெயம்மா தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள், ஒரு மூச்சு காத்திருந்தாள். நான் படியில் கால் வைத்துவிட்டேன். கார்டு வழக்கம்போல என் தலைக்கு மேலாகப் பாதையைப் பார்த்து, "இன்னூ யாராத்ரூ இதாரா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதான் உண்மையும்கூட, அவர்தான் பவானிக்குப் போய்விட்டாரே. ஆனால் முதுகுக்குப் பின்னால், ஈர மண்ணில் யாரோ அவசரமில்லாமல் நடந்து வருகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வந்த பிறகுதான் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார், அந்த நடை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதாரெ சார்," என்றேன். "இருக்கார்."

படியிலிருந்து ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்து, ஒருவர் ஏறுகிற அளவுக்கு ஒதுங்கி நின்றேன்.