இன்னும் ஒரு பிடி

அட்டையை விரித்ததும் டெய்லரம்மா இடது ஓரமாகத்தான் படுப்பார். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை அது. காருக்கடியில் தாராளமாக இரண்டு பேர் படுக்கலாம். நடுவில் படுத்தால் ஆயில் இறக்குகிற போல்ட் கைக்கு நேராக வரும். அவரோ ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு எட்டி எட்டி வேலை செய்வார். வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு அட்டை சும்மா கிடக்கும். "நடுவுல படும்மா, தோள் வலிக்கப்போகுது" என்று மகள் சொன்னால், "பழகிப்போச்சுடி" என்பார்.

அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. டெய்லரம்மா என்றால் நாலு பேர் வழி காட்டுவார்கள். முன்னறையில் தையல் மெஷின், பக்கத்துக் கொட்டகையில் கார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்து வண்டி. வெள்ளை பழுத்து மஞ்சளாகிவிட்டது. பின்கதவு ஒன்றை உள்ளிருந்து திறக்கவே முடியாது. சும்மா சொல்லக்கூடாது, எஞ்சின் மட்டும் முதல் அழுத்திலேயே எழுந்துகொள்ளும். "முகம் எப்படியோ போகட்டும், வயிறு சுத்தமா இருந்தா போதும்" என்பார் டெய்லரம்மா. அது காரைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை, பொதுவாகவே அவருடைய அபிப்பிராயம்.

ஆயில் மாற்றுவதையும் துணி வெட்டுகிற பக்குவத்தில்தான் செய்வார். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் அணைப்பார். முன்சக்கரங்கள் மரச்சரிவின் மேல், பின்சக்கரங்களுக்கு முட்டாகச் செங்கல். கழிவு ஆயிலைப் பிடிக்க, மகள் குழந்தையாக இருந்தபோது குளித்த பிளாஸ்டிக் தொட்டி. ஃபில்டர் அடம்பிடித்தால், கால்சட்டை இடுப்புக்கு வைக்கிற கெட்டித்துணிப் பட்டையை அதன்மேல் சுற்றி ஒரு இழுப்பு. மறுபேச்சில்லாமல் கழன்று வரும். அடியிலிருக்கிற போல்ட்டைத் திரும்ப மாட்டி, பிசுக்குப் போகத் துடைத்து, தையல் சாக்கட்டியால் ஒரு நீலக் கோடு போடுவார். கோட்டில் பாதி போல்ட்டின் தலையில், பாதி ஆயில் தொட்டியில். போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு கறாரான மனுஷிக்கு ஒரே ஒரு மறதி. வேலை முடிந்து வெளியே வரும்போது ஸ்பேனரை அட்டையின் வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டு வருவார். கை கழுவிவிட்டு வந்து, சாவகாசமாக அப்புறம் குனிந்து எடுப்பார்.

அந்தக் கோடு பிறந்ததே சண்டையில்தான். அவருடைய வீட்டுக்காரர் தபாலாபீஸில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவர். அவர் இருந்தவரை காருக்கடியில் ஸ்பேனர் பிடித்தது அவர்; இடது ஓரத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு கிடந்தது இவர். அந்த மனுஷருக்கு எதை இறுக்கினாலும் திருப்தி வராது. அவர் மூடிய குழாயைத் திறக்க அடுத்த ஆள் முக்கி முனக வேண்டும். போல்ட் இறுகி நின்ற பிறகும், "இன்னும் ஒரு பிடி" என்பார். "போதுங்க, மரை போயிடும்" என்று இவர் கத்துவார். ஒருமுறை திருகு தேய்ந்து மரை போயே போய்விட்டது. ஆயில் தொட்டியையே மாற்றவேண்டி வந்தது. அன்றைக்குத்தான் டெய்லரம்மா கோட்டைப் போட்டு, "இதைத் தாண்டினீங்கன்னா பாருங்க!" என்றார். தாண்டிவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார், சிரித்துக்கொண்டே. போன மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஸ்பேனர் இவர் கைக்கு வந்தது. இவர் கை லேசு: விரலால் திருகி முடித்து, ஸ்பேனரால் ஒரு சின்ன அழுத்து, அவ்வளவுதான்.

இன்று வண்டி கைமாறுகிற நாள். மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அம்மாவைத் தனியாக விட்டுவைக்க அவளுக்கு மனசில்லை. தன்னோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவள் இருக்கும் மாடிவீட்டில் கார் நிறுத்த இடமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, சாயங்காலம் வருகிறார். டெய்லரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "அழுக்கு ஆயிலோட அனுப்ப மாட்டேன். தலை வாராம பொண்ணை அனுப்புற மாதிரி இருக்கும்."

பிற்பகல் வெயில் கொட்டகை வாசல்வரைதான் வந்தது. மகள் டார்ச் பிடித்துக் குனிந்து பார்த்தாள். அம்மா ஸ்பேனரை மாட்டி அழுத்தினார், போல்ட் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். ம்ஹூம். மகள் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள். போல்ட்டின் தலையில் இருந்த நீலப் பாதி, ஆயில் தொட்டியில் இருந்த பாதியைத் தாண்டி, இறுகுகிற பக்கமாகப் போய் நின்றது.

"யாரும்மா தொட்டது?"

"யாரு தொடுவா? கொட்டகைச் சாவி என் இடுப்புலதானே இருக்கு." அம்மாவின் குரலில் ஆச்சரியமே இல்லை. "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்டி."

"நீயே இறுக்கிட்டு மறந்திருப்ப" என்றாள் மகள்.

"இருக்கும்" என்றார் அம்மா, குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி.

அதுதான் அவளுடைய பயமே. தனியாக இருந்து இருந்து அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று அவள் கொஞ்ச நாளாக மனசுக்குள் அழுதுகொண்டிருந்தாள். இன்றைக்குக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, இருவருமாக அழுத்திய பிறகுதான் போல்ட் முனகிக்கொண்டு இளகியது. கறுப்பு ஆயில் கொழகொழவென்று பிளாஸ்டிக் தொட்டியில் இறங்கியது. ஃபில்டர் மாறியது. அம்மா போல்ட்டை விரலால் திருகி, ஸ்பேனரால் லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். "நகரு, கோடு நான் போடறேன்" என்று மகள் உள்ளே ஊர்ந்து போய், தன் கையாலேயே நேராக ஒரு நீலக் கோடு இழுத்தாள்.

அம்மா கை கழுவப் போனார். ஸ்பேனர் வழக்கம்போல வலப்பக்கத்தில் கிடந்தது. மகள் வெளியே ஊர்ந்து வந்தாள், ஆனால் கொட்டகையை விட்டு நகரவில்லை. பானட்டுக்கு முன்னால் நின்று, புனலை வைத்துப் புது ஆயிலை ஊற்ற ஆரம்பித்தாள். கொல்லைக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா அங்கேதான் இருக்கிறார். சூடு ஆறுகிற எஞ்சின் எங்கோ டிக், டிக் என்றது.

அப்போது கீழே அட்டை சரசரத்தது, ஓர் ஆள் புரண்டு படுத்தால் சரசரக்கிற மாதிரி. இரும்போடு இரும்பு ஒருமுறை உரசியது. வண்டியின் மூக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

பூனையாக இருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஆயில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு டார்ச்சை அடித்தாள். பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் போட்ட கோடு உடைந்திருந்தது. போல்ட்டின் மேலிருந்த பாதி ஒரு பிடி தள்ளிப் போயிருந்தது. அட்டையில் ஸ்பேனரைக் காணவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. "அம்மா... வண்டி விஷயமா வந்திருக்கேங்க!" என்று வாங்க வந்தவர் குரல் கொடுத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே டெய்லரம்மா வந்தார். மண்டியிட்டபடி உறைந்து போயிருந்த மகளின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இறுக்கிட்டாரா?"

மகள் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. வண்டி இல்லைன்னு சொல்லிடலாம்மா" என்றாள். இத்தனை நாள் விற்கச் சொல்லி நச்சரித்தவள் அவள்தான்.

"உன்கூடத்தான் வரேன்னு சொல்லிட்டேனேடி" என்றார் அம்மா. "போய் அவரை உள்ள கூப்பிடு."

மகள் எழுந்திருக்கவில்லை. டெய்லரம்மாவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அட்டையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய அதட்டல்தான்.

"போதுங்க, மரை போயிடும். இனிமே வேற ஒருத்தர் பாத்துக்குவாரு. ஸ்பேனரைக் குடுங்க."

சொல்லிவிட்டு, வண்டிக்கடியில் இருந்த இருட்டுக்குள் வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.