பேச்சு முடியும்வரை பிள்ளை அந்தப் பக்கம்

“பாப்பாவ எங்கிட்ட குடுங்க. பேச்சு முடிஞ்சதும் வாங்கிக்கங்க.”

கீழூர் பால்வாடி டீச்சர் செல்வி கையை நீட்டியபோது, உதவி செய்ய வருகிறார் என்றுதான் நினைத்தேன். “பரவால்லைங்க, மடியிலயே இருக்கட்டும்” என்றேன்.

பக்கத்தில் நின்ற மேலூர் ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். “மடியில வெச்சுக்கிட்டு ஒக்கார முடியாதுங்க. பேச்சுல ஒக்கார்றவங்க ஊட்டுப் பிள்ள அந்தப் பக்கம்தான் இருக்கோணும். எங்க ஊருப் பிள்ளைங்க கீழூர் பால்வாடியில. அவங்க பிள்ளைங்க எங்க மாரியம்மன் கோயில்ல. எம்பட பேரன் அப்பவே போயிட்டான்.”

“நான் பேச வரலைங்க. சும்மா பாக்கத்தான் வந்தேன்.”

“பாக்கறவங்களுக்கும் அதேதானுங்க. இத்தன நாளா எங்கூர்ல சோறு தின்னீங்க. அவங்களுக்கு நீங்க எங்க ஆளு. இஷ்டமில்லீன்னா பஸ்ஸுக்குப் போயிடுங்க, ஒண்ணும் தப்பில்ல.”

என் மகள் தாரணிக்கு அப்போது ஒன்றரை வயது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவருக்கு ஏற்காட்டு ஓட்டலில் பகல் ஷிஃப்ட். அதனால்தான் ஃபீல்டுக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். இந்தத் துறைக்கு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது இந்தச் சம்பவத்தைத்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

மாடல் சொன்னது

நான் பார்ப்பது கேம் தியரி வேலை. இரண்டு தரப்பு எப்போது ஒத்துப்போகும், எப்போது மோதும் என்பதை மாடலாக எழுதிப் பார்ப்போம். ஒவ்வொரு முடிவாலும் யாருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதை பே-ஆஃப் என்போம்.

நாகலூரில் பஸ் இறங்கி எஸ்டேட் வழியாக நடந்தால் வரும் இரண்டு சிற்றூர்கள் இவை. மேலூர், கீழூர் என்பது நான் வைத்த பெயர். கீழூருக்குத் தண்ணீர் வரும் ஊற்றும் அதைத் திறந்து மூடும் வால்வும் மேலூரில் இருக்கின்றன. மேலூர்க்காரர்கள் காபி மூட்டையை இறக்கும் ஒரே பாதை கீழூர் வழியாகப் போகிறது. அறுவடைக் காலத்தில் கீழூர் கை ஓங்கும். கோடையில் மேலூர் கை ஓங்கும். மாசி மாதத்தில் பாதைக்காக மேலூர் கொடுக்கும் வாக்கைச் சித்திரையில் வால்வை மூடி மீறலாம், தடுக்க யாரும் இல்லை. இதை நாங்கள் கமிட்மென்ட் ப்ராப்ளம் என்போம். முந்தைய கோடையில் தண்ணீர் வரும் கருப்பு ஓஸ் குழாயை அறுத்துவிட்டார்கள், அடிதடியில் ஒருவருக்குக் கை முறிந்தது. அதற்குச் சில நாள் முன்பே மேலூர்ப் பிள்ளைகள் பால்வாடிக்கு வருவது நின்றுபோயிருந்தது.

தண்ணீரையும் பாதையையும் பற்றித்தான் அன்றைய பேச்சு. “பேச்சு முறியும், அடிதடி நடக்கும்” என்று முதல் நாள்தான் எங்கள் பேராசிரியருக்கு எழுதி அனுப்பியிருந்தேன். “ஸ்ட்ராங் ரிசல்ட்” என்று பாராட்டியிருந்தார்.

இப்போது செல்வி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் எழுதியது நிஜம் என்றால் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், எழுதியதை நானே நம்பவில்லை என்றாகிவிடும். அந்த மாதிரி ஒரு கேள்வியை என் வேலையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அதற்குள் செல்வி தன் நாலு வயது மகளைத் திருப்பி நிறுத்தி, “போ சாமி, கோயிலுக்குப் போ” என்றார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலூர் நோக்கி ஓடியது. நான் தாரணியைக் கொடுத்தேன். நம்பிக் கொடுத்தேனா, அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கொடுத்தேனா, தெரியவில்லை.

பாறையில்

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பாறை. அதில்தான் பேச்சு. ஆரம்பத்திலேயே கீழூர் முருகேசன் எழுந்துவிட்டான். ஜீப் ஓட்டுபவன், நல்ல குரல்.

“பாதையில கல்ல போட்டு அடைச்சிருவோம். உங்க காபிய நீங்களே காச்சிக் குடிங்க!”

“நீ அடை. அன்னிக்கே வால்வ மூடிருவோம், ஒரு சொட்டுத் தண்ணி வராது!” இது ஊர்க்கவுண்டர்.

“கைய வெச்சுப் பாருங்க, அப்பறம் தெரியும்!”

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எழுதிய வரி அப்படியே கண்முன் நடக்கிறது. என் காது பால்வாடிப் பக்கமே இருந்தது. என்னை அறியாமல் மேலூர்க்காரர்களைப் பார்த்துக் கத்திவிட்டேன்: “அவங்க கேக்கறத குடுத்துடுங்க! எல்லாத்தையும் குடுத்துடுங்க!”

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

ஊர்க்கவுண்டர் மெதுவாகத் திரும்பினார். “ஏனுங் அம்மா, நீங்க பாக்கத்தானுங்களே வந்தீங்க?”

முருகேசன் முதலில் சிரித்தான். “அந்தம்மா பிள்ள எங்க ஊர்ல இருக்குதுல்லங்க, அதான் பயம். அம்மா, எம்பட ரெண்டும் மேலதான் இருக்குது. நான் பயந்தனா?”

“நீ பயப்படலியா? எதுக்குடா அப்பப்ப கோயிலயே பாக்கற?” என்று யாரோ கேட்க, இரண்டு பக்கமும் சிரித்தது. உட்கார்ந்தார்கள். மறுபடி கத்தினார்கள். ஆனால் ஒருவர்கூடப் பாறையை விட்டு இறங்கவில்லை.

அதிர்ச்சியோடு அப்போதுதான் கவனித்தேன். மிரட்டல் வந்தால் அடுத்து அடி என்று என் மாடலில் வைத்திருந்தேன். இவர்களோ, அடி விழாது என்று உறுதி செய்துகொண்டபின்தான் அவ்வளவு பலமாக மிரட்டினார்கள்.

கடைசியில் முடிவானது சின்ன விஷயம். கோடையில் வால்வை மூடுவதானால் முதல் நாளே சொல்ல வேண்டும். பாதையை அடைப்பதில்லை. மறுநாளிலிருந்து மேலூர்ப் பிள்ளைகள் பால்வாடிக்கு வர வேண்டும்.

திரும்ப வாங்கியது

ஓடிப்போய்ப் பார்த்தேன். தாரணி செல்வியின் சேலை முந்தானையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் சத்துமாவு. பக்கத்தில் செல்வியின் சாப்பாட்டுத் தட்டு மூடியபடி இருந்தது.

“நீங்க சாப்புடலைங்களா?”

“எங்கீங்க எறங்குது? எம்பட புள்ள மேல இருக்குதுல்ல. நொம்ப சத்தம் வேற கேட்டுச்சு.” அவர் கண் கோயில் பக்கமே இருந்தது.

பஸ்ஸில் வரும்போது பேராசிரியரை அழைத்தேன். “சார், அந்த ரிசல்ட்டைத் திரும்ப வாங்கிக்கறேன்.” ஏன் என்று கேட்டார். ஊர் வசதிகள் பட்டியலில் நான் சும்மா ஒரு வார்த்தையாகப் போட்டிருந்த பால்வாடிதான், வாக்கைக் காப்பாற்ற வைக்கும் ஏற்பாடு என்றேன். அவருக்கு வருத்தம்தான். வீட்டில் கணவருக்கும் வருத்தம், அது பிள்ளையைக் கொடுத்ததற்கு.

சித்திரையில் மனசு கேட்காமல் செல்வியை போனில் பிடித்தேன். தண்ணீரைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு. “மேலூர்ப் பிள்ளைங்க வர்றாங்களாங்க?”

“வராம என்ன கண்ணு, எல்லாம் வந்திருக்குது. தண்ணிதான் வர்றதில்ல. நேத்துக்கூட பாறையில ஒரே சண்ட.”

பிள்ளைகள் வருகிறவரை சண்டை அடிதடியாகாது, அப்பாடா என்று இருந்தது.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும், யார் யாரை மிரட்டினார்கள் என்பதைப் பிறகு எழுதிக்கொள்கிறேன். காலையில் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.