அன்றைக்கு என்ன குழம்பு

க பாஷை தெரியாத பெண்பிள்ளை ஆவடியை அடுத்த எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் அப்போது கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு ‘க’வைச் செருகினால் போதும். ‘போலாம்’ என்பது ‘கபோகலாம்’ ஆகிவிடும். அப்பாவின் தங்கையான என் அத்தையும் நானும் இந்தப் பாஷையில்தான் அம்மாவைப் பற்றிக் குறை பேசுவோம். அம்மாவுக்கும் அத்தைக்கும் தண்ணீர்க் குடத்தில் தொடங்கி டிவி ரிமோட் வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாது. நான் அத்தை கட்சி.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, நாங்கள் பேசியதற்கு அதே பாஷையில் பதில் சொன்னாள். எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வழி எல்லாருக்கும் தெரிந்த பிறகு ரகசியம் ஏது?

அத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இரும்பு வளையங்களின் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அவளுடைய மூளையும் அப்படித்தான், ஒரு மயிரிழை பிசகினாலும் ஒத்துக்கொள்ளாது. இனிமேல் ‘க’ வேண்டாம், தினம் ஒரு சொல் என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லின் எழுத்துகளை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். எந்தச் சொல் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே தேவையில்லை. அன்றைக்கு வீட்டில் என்ன குழம்போ அதுதான். கீரைக்குழம்பு என்றால் ‘கீபோரைலாம்’. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தாள், பிறகு எங்களைத் தலைமுழுகிவிட்டாள்.

நான் இப்போது தகவல்களைக் குறியாக்கம் செய்யும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது ஊருக்கே தெரியலாம், சாவி மட்டும் தெரியக் கூடாது. நான் இதைக் காலேஜில் படித்ததாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு. அப்பா வாயெல்லாம் பல்லாக இருந்தார். அத்தையை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். பையனின் அம்மாவும் அக்காவும் அவளுக்கு இரண்டு பக்கமும் காவல்போல உட்கார்ந்திருந்தார்கள். பையனோ போன் வந்தது என்று தெருவுக்குப் போய் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றான்.

“கல்யாணம் ஆனா வேலைக்கி இன்னாத்துக்கு போவணும்? ஊட்ட பாத்துக்கினா போதும்” என்றார் பையனின் அம்மா. அதற்குள் அவர் மகள் பையிலிருந்து பூச்சரத்தை எடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

அத்தை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். எனக்கும் புரிந்தது. க பாஷை அந்தப் பெண்களுக்கும் தெரியாமல் இருக்காது. குழம்புச் சொல்லில் பேசலாம் என்றால், அன்றைக்கு அடுப்பில் குழம்பே இல்லை. கேசரியும் பஜ்ஜியும்தான். கேசரியை எடுத்துக்கொள்வதா பஜ்ஜியை எடுத்துக்கொள்வதா என்று நாங்கள் முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல், வழக்கத்தைவிடச் சத்தமாக:

“மதியத்துக்கு புளிக்கொயம்புதான் வெக்கப் போறேன்.”

கூடத்திலிருந்து “இப்ப கொயம்ப யாரு கேட்டா?” என்று அப்பா பல்லைக் கடித்தார். நல்ல காரியம் பேசும் இடத்தில் புளிக்குழம்பா என்று பையனின் அம்மா முகத்தைச் சுளித்தார். அம்மா நேரம் காலம் தெரியாமல் மானத்தை வாங்குகிறாளே என்று எனக்கும் அவமானமாக இருந்தது.

அத்தை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “புவேளிலை” என்று ஆரம்பித்தாள், கடகடவென்று முடித்தாள். வேலையை நான் விடமாட்டேன், அவருக்குச் சம்மதமா என்று கேட்டு வா. இவ்வளவுதான் சேதி.

“இன்னா பாஷ இது?” என்றாள் பையனின் அக்கா.

“சும்மா, கொயந்தயோட வெளாட்டு” என்றாள் அத்தை.

நான் தெருவுக்கு ஓடிக் கேட்டேன். பையன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தான். “அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்னு சொல்லு பாப்பா.” கெட்டவன் மாதிரி தெரியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இல்லை என்றாவது சொல்லியிருப்பான்.

அந்தப் பதிலைப் புளியில் முக்கி அத்தையிடம் கொண்டுவந்து கொடுத்தேன். பையனின் அக்கா கையிலிருந்த பூ அத்தையின் கூந்தலுக்கு அருகே வந்திருந்தது. அவள் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் இருங்க. எனக்கு வேலய வுட இஷ்டமில்ல. பூ வேணாங்க.”

அவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள். அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அத்தை அறையை விட்டு வரவில்லை. அவளுக்குப் பிறகு ஆவடிப் பக்கமே நல்ல இடம் அமைந்தது. இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள், அதே எஸ்டேட்டில் நாலு பேரை மேய்க்கிறாள். அன்று மத்தியானம் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வீடு இழவு விழுந்ததுபோல இருந்தது.

அம்மா அதன் பிறகுதான் புளியையே ஊறப் போட்டாள். எங்கள் வீட்டில் புளி இருப்பது ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவில். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது சோறு கட்டிக்கொண்டு போன டப்பா அது. என்னைப் பொறுத்தவரை அது புளி டப்பா, அவ்வளவுதான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா உட்கார்ந்திருந்தார். எனக்கும் இறங்கவில்லை. அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை நிறைய ஊற்றி, அறைக்குள் கொண்டுபோய் அத்தையின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு தானும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள், மறுசோறும் போட்டுக்கொண்டாள். வீடே இப்படிக் கிடக்கும்போது இவளுக்கு மட்டும் எப்படிப் பசிக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.