நனைந்தால் தெரியும் பெயர்

கோட்டைமேட்டில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் உம்மல் குல்சுமுக்கு யாராவது "ஆகாது" என்று சொன்னால் பொறுக்காது.

போலி மோட்டாரைக் கண்டுபிடிக்க ஒரு பம்ப் கம்பெனிக்கு அவள் லேபிள் செய்து கொடுத்தாள். விரலால் தேய்த்தால் அந்தச் சூட்டில் மேலே பூசிய மை மறைந்து, அடியில் ஒளித்த கம்பெனிப் பெயர் தெரியும். சித்திரை வந்தது. கடைகளில் யாரும் தொடாமலே பெயர் பல்லிளித்தது.

"நம்மூரு வெயிலுக்கு இது ஆகாதுங்கக்கா, உட்டுப்போடுங்க" என்றார் மேனேஜர் கிருபாசங்கர்.

"வெயிலு கெடக்குதுங்க. தண்ணி இல்லாத தோட்டத்துக்கு யாருங்க மோட்டார் வாங்குறாங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வந்தாள்.

காய்ந்தால் வெள்ளையாக மூடி, நனைந்தால் கண்ணாடியாகத் தெளியும் மையைப் பிடித்தாள். உரிந்தது, வழிந்தது. பதினேழாவது கலவைதான் ஒட்டி நின்றது. கம்பெனியும் லேபிளை மாற்றி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கச் சொல்லி ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்தது.

ஐப்பசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் அந்தக் கம்பெனி மோட்டாரைக் கேட்டாள். கடைக்காரர் ஒன்றைத் தூக்கி வைத்தார். அவள் லேபிளுக்கு மேலே தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஏனுங்க, ஊத்தீராதீங்க!" மோட்டாரை அவசரமாக வாரி எடுத்துக்கொண்டார். "உள்ளார வேற இருக்குதுங்க, கொண்டாறேன்."