ஒற்றைக்கண் சிவப்பு

மிளகாயைப் பிரித்துக்கொண்டிருந்தான் புசிரி. மனைவி ரெத்னோவின் சாப்பாட்டுக் கடையில், பச்சை பொரித்த டோஃபுவோடு கடித்துக்கொள்ள. சிவப்பு சம்பால் அரைக்க. காலியாங்கெட் துறையிலிருந்து தீவுகளுக்குப் போகும் கப்பலில் வருடக்கணக்காகக் கயிறு கட்டியவன். இன்று இரவு முதல் சுக்கானைப் பிடிக்கப்போகிறான்.

ரெத்னோ தட்டைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு குவியலும் கலந்து கிடந்தன.

"சாக், உங்க மதுராத் தீவுல பச்சையை நீலம்பீங்க. சரி, உங்க பேச்சு அப்படின்னு விட்டேன். செவப்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் ஜாவாக்காரி; புருஷனை மரியாதையாக 'சாக்' என்பாள். தங்கள் கல்யாணத்துக்கு அவன் ஊதாச் சரோங் கைலி வாங்கி வந்து நீலம் என்றபோதும் இப்படித்தான் சிரித்தாள்.

"பேச்சு இல்ல. கண்ணு. எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றான் புசிரி. "இரு, வித்தை காட்டறேன்."

சட்டைப்பையிலிருந்து சிறு டப்பியை எடுத்தான். கருஞ்சிவப்பு லென்ஸ் ஒன்றை வலது கண்ணில் மட்டும் வைத்துக்கொண்டான். ஒரு கண்ணை மூடினான், மறு கண்ணை மூடினான். மிளகாய்கள் மளமளவென்று பிரிந்தன.

"இந்தக் கண்ணுல செவப்பு பளிச்சுங்கும், பச்சை கறுத்துப்போகும். சுக்கான் வேலைக்கு நிறம் சோதிக்கிற டாக்டரோட புள்ளிப் புத்தகத்தையே படிச்சுட்டேன்ல!"

ரெத்னோவின் சிரிப்பு நின்றது. இத்தனை வருடம் எதைப் பார்த்துச் சிரித்தோம்?

சாரல் அடித்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அறை மங்கியது. கூடையிலிருந்து அடுத்த கைப்பிடியை அள்ளி அவன் முன் போட்டாள்.

புசிரி கண்களை மாற்றி மாற்றி மூடினான். விரல்கள் தடுமாறின. சிவப்புக்குள் பச்சை விழுந்தது, மறுபடி விழுந்தது.

"வெளிச்சம் பத்தல. லென்ஸ் கொஞ்சம் இருட்டடிக்கும்."

"ராத்திரிக் கடல்ல மட்டும் பத்துமா? மழையில, தூரத்துல ஒரு பச்சை விளக்கு. இந்தக் கண்ணுக்குத் தெரியுமா?"

"இடது கண்ணு பார்த்துக்கும்."

"என்னன்னு பார்க்கும்?"

"விளக்குன்னு."

"கப்பலுக்கு வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் செவப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? பச்சையா செவப்பான்னு தெரியாம, எதிர்க்கப்பல் எந்தப் பக்கம் திரும்புதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கூட ஒருத்தன் நிப்பான்டி. சும்மா பயமுறுத்தாதே."

"அவன் டீ குடிக்கப் போவான் சாக்! கப்பல் நிறைய ஜனம். தூங்கிட்டு வரும், புள்ளைங்களை மடியில போட்டுக்கிட்டு."

புசிரி தொப்பியை எடுத்தான். அதைத் தட்டினான், தூசு ஒன்றும் இல்லை.

"கேப்டன்கிட்ட நீங்களே சொல்றீங்களா," என்றாள் ரெத்னோ, "இல்ல, நான் துறைக்கு வந்து சொல்லட்டுமா?"

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, லென்ஸைக் கழற்றாமலே, அவள் பக்கம் திரும்பாமலே, அவன் துறையை நோக்கிப் போனான்.