‘கண்டிப்பா’ என்று சொல்லாத கணக்கு சார்

அன்று காலை நான் கிறிஸ்துதாஸ் சாரைத் திட்டுவதற்காகத்தான் போன் செய்தேன். பள்ளி மண்டபத்தில் கண்காட்சிக்கு மேசை போட்டாயிற்று. பிள்ளைகள் தாங்களே செய்த விளையாட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நிற்கிறார்கள். கணக்கு சாரைக் காணோம். போனை எடுத்தது யாரென்றுகூடக் கேட்காமல் பொரிந்து தள்ளினேன். எடுத்தவர் அவர் மனைவி. "விடியக்காலம் உறக்கத்திலேயே மூச்சு நின்னுட்டு டீச்சரே" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் அப்போதும் இறங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றும் இறங்கவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. "மீட்டிங்குக்கு வருவியளா சார்?" "வர வாய்ப்பு உண்டு டீச்சர்." "கேள்வித்தாள் நாளைக்கு ரெடியாகுமா?" "ஆகாமப் போறதுக்கும் வாய்ப்பு உண்டு." தலைமையாசிரியை நாற்காலியில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? "கண்டிப்பான்னு ஒரு சொல்லு உங்க வாயில வராதா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "தெரியாததைத் தெரியும்னு சொன்னா, பிறவு நான் என்ன கணக்கு வாத்தியாராக்கும்?" என்றார்.

நிகழ்தகவுப் பாடத்துக்கு அவர் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. "ஆளுக்கொரு விளையாட்டு செய்யுங்க மக்களே. யாரு கூடுதல் ஜெயிப்பான்னு முதல்லயே கணக்குப் போட்டுச் சொல்லணும். விளையாடிப் பாத்து ஒத்து வரல்லைன்னா, எங்க பிழைச்சுன்னு கண்டுபிடிக்கணும்" என்பார். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெளுக்கும்வரை தேய்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு என் அறை வாசல்தானா கிடைத்தது? புதிதாகப் போட்ட சிமென்ட் தரை! கேட்டால், "தேய்ச்ச கொட்டை சமமா விழாது டீச்சர், அதையும் அவங்களே கண்டுபிடிக்கட்டு" என்றார். தரையைப் பற்றி மூச்சு இல்லை.

பள்ளியை நடத்தும் சபைக் கமிட்டியிலிருந்து ஒரு பெரியவர் கொதித்துப்போய் வந்தார். "வேதம் படிக்கிற இடத்துல சூதாட்டமா படிச்சுக் குடுக்கிய?" நான் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். சார் போய், குளச்சலிலிருந்து படிக்க வரும் செலினை ஓலைப்பெட்டியோடு கூட்டி வந்துவிட்டார். பெட்டிக்குள் மீன் படம் போட்ட சீட்டுகள்; நெய்மீன் கொஞ்சம், சாளை நிறைய. நெய்மீன் எடுத்தால் ஜெயம், சாளை எடுத்தால் தோல்வி. பெரியவருக்கு முதலில் நெய்மீன் வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. பிறகு சாளை, மறுபடியும் சாளை. "இன்னொருக்கா குலுக்கு பிள்ளே" என்று அவர் விடாமல் எடுத்ததில் டீ ஆறிப்போனது. "எத்தனை வாட்டி எடுத்தாலும் கடைசியில ஜெயிக்கது நானாக்கும் தாத்தா. கணக்கு அப்படி" என்றாள் செலின்.

சார் அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? "களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போய் லாட்டரி எடுக்கதுக்கு முன்னே எல்லாரும் இதை ஒருக்கா விளையாடணும்" என்றார். பெரியவரின் சட்டைப்பையிலிருந்து ஒரு லாட்டரி டிக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் சாரின் காலை மிதித்தேன். "எதுக்கு டீச்சர் மிதிக்கிய?" என்று உரக்கக் கேட்டார். மறுநாளே விளையாட்டுகளுக்குத் தடை வந்தது.

அந்தத் தடையை நீக்கக் கமிட்டிக்காரர்களின் வீடு வீடாகப் படியேறியது நான். கடைசியில், ஒருநாள் கண்காட்சி வைத்துக் காட்டுங்கள், பிடிக்காவிட்டால் இதோடு சரி என்றார்கள். அதற்குள் சார் நெஞ்சுவலியில் படுத்துவிட்டார். கண்காட்சிக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "நீங்க நின்னு விளக்கல்லைன்னா கமிட்டி மூடிப்போடும் சார். வருவியளா?" வழக்கமான பதிலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "கண்டிப்பா வருவேன் டீச்சர்" என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

கண்காட்சியை அடக்கம் முடிந்த மறுவாரம் வைத்தோம். சார் நிற்க வேண்டிய இடத்தில் செலின் நின்று விளக்கினாள். பெரியவர் வந்தார், மறுபடியும் தோற்றார். "நடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாரின் மனைவியும் வந்திருந்தார். "எழும்பவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வர முடியாதுன்னு அவியளுக்குத் தெரியும் டீச்சரே. பிறவு ஏன் அப்படிச் சொன்னியன்னு கேட்டேன். 'டீச்சர் இன்னைக்கு ஒருநாளாவது நிம்மதியா உறங்கட்டு'ன்னாவ" என்றார்.

விளையாட்டுகள் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. தேய்ந்த தரையும் அப்படியே கிடக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பொய்யான ‘கண்டிப்பா’ ஒன்றைத்தான். பாவி மனுஷன், அன்று நான் நன்றாக உறங்கினேன்.